பழைய வண்டிக்குப் பேரீச்சம்பழம்... பலன் யார் வீட்டுக்கு?

வண்டியை உடைத்தால் சலுகை, வைத்திருந்தால் கட்டணம்! கிராமத்துக் கணக்குக்கு ஒத்துவராத ஒரு திட்டம்

விடிந்தும் விடியாத நேரத்தில் அவிநாசி ரோட்டிலோ, பல்லடம் – தாராபுரம் ரோட்டிலோ நின்று பார்த்தால், திருப்பூர் எதை வைத்து ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், துணி ரோல் அடுக்கிய ‘சின்ன யானை’, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் டி.வி.எஸ் எக்ஸெல், தேங்காய் ஏற்றிய மினி லாரி, கறிக்கோழிக் கூண்டு அடுக்கிய வண்டி... இவற்றில் ஷோரூமிலிருந்து நேராக வந்து, இன்னும் முதல் ஆளிடமே இருக்கும் வண்டிகள் கொஞ்சம்தான். இரண்டு கை, மூன்று கை மாறியவை நிறைய.

இந்த வண்டிகளைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்குங்கள், சலுகை தருகிறோம் என்கிறது மத்திய அரசு. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதை அறிவித்தார். மார்ச் 18-ல் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் விவரங்களை வைத்தார். ஆகஸ்ட் 13-ல் பிரதமர் மோடி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தனியார் வண்டி 20 வருடத்திலும், வாடகை மற்றும் சரக்கு வண்டி 15 வருடத்திலும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் உடைப்புக்குப் போக வேண்டும் என்பது அடிப்படை. காற்று மாசு குறையும், விபத்து குறையும், டீசல் மிச்சமாகும், பழைய இரும்பு திரும்பக் கிடைக்கும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

எக்ஸெல்லுக்கு 1,500... காருக்கு 67,500!

திட்டத்தில் நான்கு சலுகைகள் உண்டு. ஒன்று, உடைப்பு விலை. புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் வரை கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. இரண்டு, சாலை வரியில் தள்ளுபடி. சொந்த வண்டிக்கு 25 சதவிகிதம் வரை, சரக்கு மற்றும் வாடகை வண்டிக்கு 15 சதவிகிதம் வரை மாநில அரசு தரலாம். மூன்று, புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. நான்கு, கம்பெனிக்காரர்கள் விலையில் 5 சதவிகிதம் குறைக்கலாம். இந்தக் கடைசிச் சலுகை வெறும் அறிவுரைதான், கட்டாயமில்லை.

சாலை வரித் தள்ளுபடியை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரையிலான இரு சக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவிகிதம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவிகிதம். மத்திய அரசின் விதி அனுமதிக்கும் முழுத் தள்ளுபடியையும் மாநிலம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 60,000 ரூபாய்க்கு ஒரு எக்ஸெல் வாங்கும் பால்காரருக்கு வரி 6,000. அதில் கால் பங்கு 1,500 ரூபாய் மிச்சம். 15 லட்சத்துக்குக் கார் வாங்குபவருக்கு வரி 2,70,000. அதில் கால் பங்கு 67,500 ரூபாய் மிச்சம்.

மிச்சம் என்று சொல்கிற இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. அரசுக்கு வர வேண்டிய வரி வராமல் போகிறது, அவ்வளவுதான். தீப்பெட்டியிலிருந்து உரம் வரைக்கும் வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறவர்களின் பொதுப் பையிலிருந்துதான் அந்த 67,500 போகிறது. வசதி கூடக்கூடச் சலுகையும் கூடுகிறது. உழவர் சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மா, கார்க்காரர் மாற்றுக் கார் வாங்குவதற்கு மொய் வைக்கிறார்!

இன்னொரு விஷயம். புது வண்டி வாங்கினால்தான் வரித் தள்ளுபடி. பழைய எக்ஸெல்லைக் கழித்துவிட்டு, இன்னொரு பழைய எக்ஸெல்லை வாங்கும் சிறு விவசாயிக்கு உடைப்பு விலையைத் தவிர நேரடிச் சலுகை வேறு ஒன்றும் இல்லை. மேலே சொன்ன 60,000 ரூபாய் வண்டிக்கு உடைப்பு விலை 2,400 முதல் 3,600 ரூபாய்க்குள் வரும். ஓடுகிற வண்டிக்கு அந்த விலையை ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் சிரிப்பார்.

இதோடு ஒப்பிட வேறொன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டது. 350 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கும், சரக்கு வண்டிகளுக்கும் 28 சதவிகிதம் 18 ஆனது. டிராக்டருக்கு 12 சதவிகிதம் 5 ஆனது. வரி சேர்த்து 60,000 ரூபாய்க்கு விற்ற எக்ஸெல்லில், வரிக்குறைப்பால் மட்டும் சுமார் 4,700 ரூபாய் குறைய வேண்டும். இதற்காக யாரும் எந்த வண்டியையும் உடைக்க வேண்டியதில்லை, எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை. வாங்குகிற எல்லோருக்கும் ஒன்றுதான். வண்டி விலை குறைந்து, ஏழை எளியவர் வாங்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால், நேர்வழி இதுதான்.

ஒரு கையில் வெல்லம், இன்னொரு கையில் சாட்டை

சலுகையை விரும்பாதவர், ‘என் வண்டி நல்லாத்தான் ஓடுது’ என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாய் 1,000 ஆனது. 15 வருடம் தாண்டிய லாரி, பஸ்ஸுக்கு எஃப்.சி. புதுப்பிக்க 1,500 ரூபாய் இருந்தது 12,500 ஆனது. தனியார் வண்டிக்குத் தாமதமானால் மாதம் 300, சரக்கு வண்டிக்கு மாதம் 500 தனி.

அதோடு நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாகவும், இரு சக்கர வண்டிக்கு 2,000 ரூபாயாகவும் ஏறியது. அதே வருடம் நவம்பரில் வந்த அறிவிக்கை, 20 வருடம் தாண்டிய லாரி மற்றும் பஸ்ஸுக்கான எஃப்.சி. கட்டணத்தை 25,000 ரூபாய்க்குக் கொண்டுபோனது. சரக்கு வண்டி பழசானால் எஃப்.சி. வருடா வருடம் காட்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். பெயின்ட் அடித்து, டிங்கரிங் பார்த்து, டயர் மாற்றி எஃப்.சி.க்கு நிறுத்தும் செலவு இதில் சேராது.

வண்டி புகை கக்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பதற்கான செலவு, வண்டியின் வயதைப் பொறுத்துப் பத்து மடங்கு கூடிவிடாது. சோதனைக்குக் கூலி என்ற பெயரில் பழசுக்கு அபராதம் வாங்குகிறார்கள். நேரடியாகத் தடை செய்தால் எதிர்ப்பு வரும். கட்டணத்தை ஏற்றினால் அவர்களாகவே கொண்டுவந்து உடைப்புக்குப் போடுவார்கள் என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம்.

கால அளவையும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டது. பனியன் ஏற்றுமதியில் அடிவாங்கிய முதல் ஊர்களில் திருப்பூரும் ஒன்று. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், ஷிப்ட் குறைந்தால் துணி ரோலும் வேனும் ஓடாது. வண்டிக்கு வாடகை கிடைக்காத அந்த மாதங்களில்தான் கட்டண உயர்வும் வந்து சேர்ந்தது.

பாதிக்குப் பாதி அரசு வண்டிகளே!

இவ்வளவு தூண்டியும் எத்தனை வண்டிகள் உடைப்புக்கு வந்தன? 2025 ஆகஸ்ட் வரை மொத்தம் 3 லட்சம் வண்டிகள் என்று கட்கரியே சொன்னார். அதில் 1.41 லட்சம் அரசு வண்டிகள். அதாவது, கிட்டத்தட்டப் பாதி. தகுதியில்லாத வண்டிகள் என்று அவர் சொன்ன கணக்கோ 97 லட்சம். அவற்றையெல்லாம் உடைத்தால் 40,000 கோடி ரூபாய் ஜி.எஸ்.டி. வரும், 70 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் சொன்னார். காற்று சுத்தமாவதற்கான திட்டத்தில் வரி வருமானம் இவ்வளவு முன்னால் வந்து நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அரசு வண்டிகள் இவ்வளவு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய மத்திய, மாநில அரசு வண்டிகள், உள்ளாட்சி வண்டிகள், அரசு போக்குவரத்துக் கழக வண்டிகளின் பதிவு தானாகவே ரத்து என்று விதி வந்துவிட்டது. ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. தனியார் வண்டிக்காவது சோதனையில் தேறினால் வாழ்வு உண்டு. அரசு வண்டிக்கு அதுவும் இல்லை. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய பஸ்ஸும், அலுவலக வாசலில் நிழலில் நின்றே காலம் கழித்த ஜீப்பும் ஒரே தராசில்!

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இப்படி யாராவது வியாபாரம் செய்வார்களா? பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைத் தெரிந்துகொண்டாலும், நடத்திப் பார்க்காமல், திமிலையும் குளம்பையும் தடவிப் பார்க்காமல் காங்கேயம் காளைக்கு யாரும் விலை பேச மாட்டார்கள்.

மாநிலங்கள் இதைச் செய்யவேண்டும் என்று மத்திய அரசு ஆசையும் காட்டியது. மூலதனச் செலவுக்காக மாநிலங்களுக்குத் தரும் 50 வருட வட்டியில்லாக் கடனில், வாகன உடைப்புத் திட்டத்துக்கு என்று 2022-23-ல் 2,000 கோடி, 2023-24-ல் 3,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய அரசு வண்டிகளை உடைப்பது, தனியாருக்கு வரித் தள்ளுபடி தருவது, பழைய வண்டிகளின் பாக்கியைத் தள்ளுபடி செய்வது ஆகியவை இதற்கான நிபந்தனைகளில் அடங்கும். கடன் என்றால் ஒருநாள் திருப்பிக் கட்ட வேண்டும். உடைத்த வண்டிகளுக்குப் பதில் புது வண்டி வாங்கும் செலவு தனி. ஊராட்சியின் குப்பை வண்டியையோ, கால்நடைத் துறையின் ஜீப்பையோ கழித்துவிட்டு, மாற்று வண்டி வரும்வரை அந்த வேலை யார் தலையில் விழும்? மடி வீங்கிய மாட்டுக்கு டாக்டர் வரவில்லையே என்று காத்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

அமெரிக்காவில் எஞ்சினுக்கு ஊற்றிய விஷம்

இந்த யோசனை இந்தியாவில் பிறந்ததல்ல. 2008-ல் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, கார் விற்பனையைத் தூக்கி நிறுத்தப் பல நாடுகள் இதைக் கையில் எடுத்தன.

அமெரிக்காவில் 2009 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்தது. பழைய காரைக் கொடுத்து, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதுக் கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் அரசு தரும். முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. இன்னும் 200 கோடி டாலர் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் சுமார் 6.77 லட்சம் கார்கள் வந்து குவிந்தன. வாங்கிய பழைய கார்களை யாரும் மறுபடி ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஆயிலை இறக்கிவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை எஞ்சினில் ஊற்றி, அது இறுகிச் சாகும்வரை ஓடவிட்டார்கள். சொந்தக் காலில் ஓடி வந்த வண்டிகள் அவை. வேலைக்குப் போக ஒரு பழைய கார் கிடைத்தால் போதும் என்றிருந்த அமெரிக்க ஏழைகளின் கண்முன்னால் இது நடந்தது.

சரி, விற்பனையாவது கூடியதா? கூடியது, இரண்டு மாதத்துக்கு! அதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஊர்வாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். திட்டத்தால் கூடுதலாக விற்றதாகத் தெரிந்த கார்களின் எண்ணிக்கை, அடுத்த ஏழெட்டு மாதங்களில் விற்பனை சரிந்ததில் ஏறக்குறைய முழுவதுமாகக் கரைந்துவிட்டது. அடுத்த வருடம் எப்படியும் வாங்க இருந்தவர்கள் அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள். விதைக்கு வைத்த நெல்லை எடுத்துப் பொங்கிவிட்டு, இந்த மாதம் சாப்பாடு தாராளம் என்று சொன்ன கதை.

ஜெர்மனியும் அதே 2009-ல், 9 வருடம் தாண்டிய காரைக் கழித்துப் புதுசோ, கிட்டத்தட்டப் புதுசோ வாங்கினால் 2,500 யூரோ கொடுத்தது. 500 கோடி யூரோ செலவானது. அந்த வருடம் 38 லட்சம் புதுக் கார்கள் பதிவாயின; அடுத்த வருடம் 29 லட்சமாக விழுந்தது.

மானியத்தை இடையில் நிற்பவர்கள் விழுங்குவது இங்கும் நடந்திருக்கிறது. மின்சார வண்டிகளுக்கான ‘ஃபேம்-2’ திட்டத்தில் உள்நாட்டு உதிரிபாக விதியை மீறி மானியம் வாங்கியதாக ஏழு இரு சக்கர வாகனக் கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது மத்திய அரசு. அது 2023-ல். வாங்கியவர்களுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணம், விற்றவர்களின் கணக்கில் ஏறியிருந்தது.

பழைய மிஷினில் முளைத்த ஊர்

திருப்பூருக்கு இந்த உடைப்புத் தத்துவம் ஒட்டாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஊர் வளர்ந்ததே இரண்டாம் கை மிஷின்களில்தான். கிணறு வற்றி, பருத்தியும் சோளமும் கைவிட்டபோது தோட்டத்தை விட்டு வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் ஆளாகச் சேர்ந்தார்கள். சேர்த்த காசில், முதலாளி கழித்துவிட்ட பழைய நிட்டிங் மிஷினையோ, நாலு தையல் மிஷினையோ வாங்கி வீட்டுத் திண்ணையில் ஜாப் ஒர்க் தொடங்கினார்கள். பெரியவர் புதுசு வாங்கும்போது அவருடைய பழசு சின்னவருக்குப் படிக்கட்டாகும். பெரியவர் மானியம் வாங்குவதற்காக அந்தப் பழசை உடைத்தே தீர வேண்டும் என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால், இன்றைய முதலாளிகளில் பலர் இன்னும் கைமடிக்கிற வேலையில்தான் இருந்திருப்பார்கள்.

வண்டிகளும் அதே படிக்கட்டுதான். பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருடம் ஓடிய வேன், அடுத்து கிராமத்திலிருந்து ஆள் ஏற்றும் ஒரு டிரைவரின் சொந்த வண்டியாகிறது. சாயப்பட்டறைக்குத் துணி அடித்த சின்ன யானை, ஊத்துக்குளிப் பக்கம் தீவனம் ஏற்றப் போகிறது. உழவர் சந்தைக்கு நாலு விவசாயிகள் சேர்ந்து காய்கறி ஏற்றும் வண்டியும் அப்படி வந்ததுதான். ஓடக்கூடிய பழைய வண்டிகள் உடைப்புக்குப் போகப்போக, மிச்சமிருக்கும் பழைய வண்டிகளின் விலை ஏறும். பத்துப் பதினைந்து வருட வண்டியை வாங்கும் நிலையில் இருப்பவர்தான் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். வங்கிக்குப் போனால் புது வண்டிக்குக் கடன் எளிதாகக் கிடைக்கும். மாதத் தவணையைப் பனியன் கம்பெனி வாரச் சம்பளத்திலும் பால் காசிலும் கட்டி முடிப்பதுதான் கஷ்டம்.

புகைக்கு யார் பதில் சொல்வது?

பழைய வண்டி எல்லாமே நல்ல வண்டி என்று வாதாடவும் முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.-6 வண்டிகளோடு ஒப்பிட்டால், இருபது வருடத்துக்கு முந்தைய டீசல் லாரியின் புகையில் கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடும் பல மடங்கு. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் ரோட்டோரத்து ஏழைகள்தான். பிரேக் பிடிக்காத வேனில் இருபது பெண்களை ஏற்றிப்போவதை, ‘பிழைப்பு’ என்று சொல்லி நியாயப்படுத்தக் கூடாது.

ஆனால், அதற்கு மருந்து சோதனை. ஆளுக்கு ஆள் மாறாத, காசுக்கு வளையாத இயந்திரச் சோதனை. மத்திய அரசே அதைத்தான் சொன்னது. தானியங்கிச் சோதனை நிலையம் கட்டாயம் என்ற தேதியோ பலமுறை தள்ளிப்போனது. நல்ல சோதனை நிலையம் எல்லா ஊரிலும் வருவதற்கு முன்பே கட்டண உயர்வு எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. தேறாத வண்டியை நிறுத்துங்கள், அது எட்டு வருட வண்டியாக இருந்தாலும் சரி. தேறின வண்டியை விடுங்கள், அது இருபத்திரண்டு வருடமானாலும் சரி. எஞ்சின் வேலை பார்த்தால் தேறும் என்றால், அந்த வேலைக்குச் சிறு கடன் கொடுங்கள். ஒரு பங்குச் செலவில் பத்து வண்டிகளின் புகையைக் குறைக்கலாம்.

வயதை மட்டும் வைத்து விரட்டினால் என்ன ஆகும் என்பதை டெல்லி காட்டியது. 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று 2025 ஜூலை 1-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு தாங்காமல் சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

நொய்யல் கற்றுக்கொடுத்த பாடம் இருக்கும்போதே...

பொதுப்பணம் வீணாவது என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். சுமார் 16 கோடி ரூபாய் செலவு. 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் என்று கணக்கு. அணையில் வந்து நின்றது சாயக்கழிவு. பயிருக்கு விட்டால் பயிர் கருகியது, கிணற்று நீர் உப்பானது. கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே போராடிய விசித்திரம் இங்கேதான் நடந்தது. பாதிக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடாக 2004-ல் நிர்ணயித்தது சுமார் 25 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்யத் தமிழக அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

அணை கட்டியதும் அரசுப் பணம், அழுக்கைக் கழுவியதும் அரசுப் பணம். கழிவு வருமா என்று முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டும் மிச்சம். ஆற்று நீர் சுத்தமாவதற்குப் போட்ட பணத்திலாவது ஒரு நியாயம் இருக்கிறது. கீழே இருக்கிற தோட்டக்காரன் பிழைப்பான். கார் மாற்றுபவருக்குக் கொடுக்கும் தள்ளுபடியில் அந்தத் தோட்டக்காரனுக்கு என்ன பங்கு?

வண்டிக்கு மானியம் என்றதும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு நினைவு வருவது அம்மா ஸ்கூட்டர் திட்டம். 2018 பிப்ரவரி 24-ல் தொடங்கியது. வருடத்துக்கு 1 லட்சம் பெண்கள். வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். வருட வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். குறைந்தபட்சம் இதில் ஒரு வரம்பு இருந்தது, கோடீஸ்வரருக்குப் போகவில்லை. பழசை உடைக்கவும் சொல்லவில்லை. ஆனாலும், மீதிப் பாதி விலையைப் புரட்ட முடிந்தவர்தான் பயன்பெற முடிந்தது. சொன்ன இலக்குப்படி கொடுத்தால் வருடத்துக்கு 250 கோடி.

ஆட்சி மாறியது. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஸ்கூட்டர் திட்டம் கைவிடப்பட்டது. செலவு பல மடங்கு பெரிதுதான் என்றாலும், பொதுப் பேருந்துக்குப் போகும் பணம் கையில் காசே இல்லாத பெண்ணுக்கும் போய்ச் சேருகிறது. அதில் ஒரு ஓட்டையும் உண்டு. பஸ் வராத ஊருக்கு இலவசமும் வராது. இரவு ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் குண்டடத்துக்கோ, மூலனூர்ப் பக்கத்துக் குக்கிராமத்துக்கோ திரும்ப வேண்டிய பெண் கம்பெனி வேனையே நம்பியிருக்கிறாள். அந்த வேன் பெரும்பாலும் 15 வருடத்தை நெருங்கும் வண்டி. வாகன உடைப்புக்காக மாநிலங்களுக்கு ஒதுக்கிய 5,000 கோடியில் ஒரு துளியை இந்த ஊர்களுக்கு ஷிப்ட் நேரத்தில் ஒரு மினி பஸ் விடச் செலவழித்திருந்தால், பழைய வேன்கள் பாதி தானாகவே ஓய்ந்திருக்கும்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்... நடைமுறைப் பதில்கள்

டிராக்டரை 10 வருடத்தில் உடைக்க வேண்டுமா?

இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தத் தகவல் தவறு என்று 2024 தொடக்கத்திலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் தந்துவிட்டது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்கு விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் தேதி ஆர்.சி.யில் இருக்கும், முடிவதற்கு முன்பே புதுப்பித்தால் தாமதக் கட்டணம் மிச்சம்.

ஓடாத வண்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் போதாதா?

ஆர்.சி.யை ரத்து செய்யாமல் போடுவது ஆபத்து. ஆவணத்தில் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த நம்பரையோ சேஸிஸையோ வைத்து யாராவது தப்பு செய்தால் போலீஸ் வருவது உங்கள் வாசலுக்கு. அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால், வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழும், பிறகு உடைத்ததற்கான சான்றிதழும் தருவார்கள். அதைக் காட்டிப் பதிவை ரத்து செய்துகொள்ளலாம். வண்டி மேல் கடன் இருந்தால் முதலில் அடைத்து, ஆர்.சி.யில் அந்தக் குறிப்பை நீக்க வேண்டும்.

நான் புது வண்டி வாங்கப்போவதில்லை. அந்த வைப்புச் சான்றிதழால் எனக்கு என்ன பயன்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 2021 செப்டம்பர் விதிப்படி அந்தச் சான்றிதழை இன்னொருவருக்கு விற்கலாம். புது வண்டி வாங்கப்போகும் ஒருவர், வரித் தள்ளுபடிக்காக அதை உங்களிடமிருந்து மின்னணு முறையில் வாங்கிக்கொள்ள முடியும். உடைப்பு நிலையத்தில் வண்டியை விடும்போதே இதைக் கேட்டு, உங்கள் பெயரில் சான்றிதழ் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இரும்பு விலையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்தச் சான்றிதழின் மதிப்பு இன்னொருவர் பைக்குப் போய்விடும்.

வரித் தள்ளுபடி எவ்வளவு கிடைக்கும்?

25 சதவிகிதம், 15 சதவிகிதம் என்பது மத்திய அரசு வகுத்த உச்சவரம்பு. கொடுப்பது மாநிலம். புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். ஷோரூம்காரர் சொல்லும் ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ வேறு, இந்தத் திட்டத்தின் சலுகை வேறு. இரண்டையும் தனித்தனியாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.